ஹோல்ட் ஆன்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்துக் கொடிகள் கட்டிய வருஷம். மலாக்கா ஊரில் காஜா பெராங் வழியாகப் போகும் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தார். நெற்றி நிறைய விபூதி. அதை நம்பி முதல் நாள் தமிழில் டிக்கெட் கேட்டேன். அவர் மலாக்கா செட்டி; தமிழ் வம்சம்தான், ஆனால் தலைமுறைகளாக வீட்டுப் பேச்சு மலாய். பதில் மலாயில்தான் வந்தது. ஆனால் எல்லாருக்கும் பொதுவாக அவரிடம் ஒரு இங்கிலீஷ் பேச்சு உண்டு: "ஹோல்ட் ஆன்." டிரைவர் பொறுக்கவும் அதுதான், நிற்பவர்கள் கம்பியைப் பிடிக்கவும் அதுதான்.

ஒரு நாள், ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த தமிழ்ப் பெண்ணுக்குப் பஸ்ஸிலேயே பிரசவ வலி கண்டுவிட்டது.

"என்னால முடியாதுண்ணே, முடியாது" என்று அழுதாள்.

கண்டக்டருக்கு அந்தத் தமிழ் புரிந்திருக்காது. சட்டைக் கையைச் சுருட்டி, முன்கையை அவளிடம் நீட்டி, மெதுவாகச் சொன்னார்: "ஹோல்ட் ஆன்."

பிடித்தவள் ஆஸ்பத்திரி வாசல் வரை விடவில்லை. அவர் முகம் சுளிக்கவில்லை.

அவளை உள்ளே சேர்த்துவிட்டு ஏறியவரின் கையில் நகம் பதிந்த இடமெல்லாம் ரத்தம். "வலிக்குதா?" என்று மலாயில் கேட்டேன்.

"வலி அந்தப் பிள்ளைக்கு" என்று மலாயிலேயே சொல்லிவிட்டு மணியை இழுத்தார். "ஹோல்ட் ஆன்."

நான் உட்கார்ந்துதான் இருந்தேன். இருந்தாலும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.