காகிதக் கப்பில் சாயா

எங்கள் வீட்டுப் பின்பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கும் வடக்கத்திப் பெண், மாதக் கடைசியில் காலி செய்வதாக என் மகளிடம் இங்கிலீஷில் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, என் பக்கம் கையைக் காட்டி ஒரு சொல் சொன்னாள். டிஸ்டெயின். மகளிடம் அர்த்தம் கேட்டேன். ஒன்றுமில்லை, மதிப்புக் குறைவு மாதிரி என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்பது வருசம் மீன் சருவம் சுமந்து, புதுக்கடை ஊரைச் சுற்றி வீடுவீடாக நடந்து கட்டிய வீடு இது. அந்த அறைக்கு ஒருநாள் தண்ணீர் தடுத்ததில்லை. மீன் குழம்பு வைத்தால் அவளுக்கும் டைல்ஸ் ஒட்டப் போகும் அவள் புருசனுக்கும் ஒரு பங்கு போகும். அடுக்களைக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

அவர்கள் வீட்டில் பேசுவது உருது. என் தம்பி குவைத்தில் பாகிஸ்தான்காரர்களோடு ஒரே அறையில் வருசக்கணக்காகக் கிடந்தவன். அவனை வரவழைத்தேன். பின்பக்கம் போய் அவளிடம் பேசிவிட்டு வந்தான். ஹகாரத் என்று சொல்கிறாளாம்.

"வெறுப்பா, லே?"

"இல்லக்கா. வெறுப்புன்னா நஃப்ரத்து. வெறுக்கிறவன் நம்ம மூஞ்சியப் பாத்து ஏசுவான். ஹகாரத்து உள்ளவனுக்கு நம்ம மூஞ்சியே வேண்டாம்."

அவன் வேலை பார்த்த அரபி வீட்டில் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்களாம். நல்ல ஆட்டிறைச்சிச் சோறுதானாம். "அதுக்குப் பதிலா ரெண்டு அடி தந்திருந்தா, சவம், ஒறங்கியாவது இருப்பேன்."

"அப்போ நான் அரபிக்காரியா, லே?"

அவன் டம்ளரைக் கையில் எடுத்தான். சாயாவைக் குடித்துவிட்டுப் போனான்.

அவன் குடித்த டம்ளரைக் கழுவும்போதுதான் பக்கத்தில் இருந்த காகிதக் கப்புகள் கண்ணில் பட்டன. பின்பக்கத்து அறைக்காரர்களுக்கென்று நான் வாங்கி வைத்தவை. முதல் மாதம் ஒரு கப்பில் சாயா ஊற்றி, அவள் கையில் தராமல் படியில் வைத்தேன். அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிறகும் அப்படித்தான். சீக்காளிப் பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் மீன் கொண்டுபோன சில வீடுகளில் பின்சுவரில் ஒரு தேங்காய்ச் சிரட்டை தொங்கும். எங்களுக்குச் சாயா அதில்தான். குடித்தவளே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். நான் ஒருநாளும் குடித்ததில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவேன். என் வயிற்றில் ஒரு கேடும் இருந்ததில்லை.

மறுநாள் காலை எங்கள் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் சாயா ஊற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். மன்னிப்பெல்லாம் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. டம்ளரை நீட்டினேன். அவள் கை வயிற்றுக்குப் போனது.

"எனக்கும் நாப்பது வருசம் வயித்து வலிதான் மக்களே," என்றேன்.

அவளுக்குப் புரிந்திருக்காது. நான் நகரவில்லை. என் டம்ளரில் இருந்து ஒரு வாய் குடித்தேன். வெகுநேரம் கழித்து அவளும் வாங்கிக்கொண்டாள். அறைக்குள் பெட்டிகள் கட்டிவைத்தபடி இருந்தன.

சாயங்காலம் அடுக்களை வாசலில் அந்த டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் இருப்புக்கொள்ளவில்லை. எச்சிலோடு தந்தால் போதும் என்பதை உருதில் எப்படிச் சொல்வது என்று கேட்கத் தம்பி வீட்டுக்கு நடந்தேன்.