மெழுகு வச்ச படிக்கல்

வேதாந்தம் மேஸ்திரி செத்தப்போ மந்தைவெளியே உச்சுக் கொட்டிச்சு. எனக்கு மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. இன்னாத்துக்கு வரணும்? முத்தம்மாவுக்கு அவன் செஞ்சதைத் தெரிஞ்சவன் எவனும் அழமாட்டான்.

நான் சுப்பராயன். பல்லாவரம் மலையிலேர்ந்து மாம்பலத்துக்குக் கல்லு ஏத்துற மாட்டு வண்டிக்காரன். இது நடந்தது அவன் சாவறதுக்கு ஏழு வருசம் முந்தி, முப்பத்தொண்ணாம் வருசம். ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர்னு புது ஊரு கட்டிக்கினு இருந்தாங்க. அஸ்திவாரம், தூணு, படி, தோட்டத்துல நடக்கிற பாதை, எல்லாத்துக்கும் எங்க பல்லாவரத்துக் கருங்கல்லுதான்.

முத்தம்மா புருசன் தேசப்பன் கல்தச்சன். சுத்தியால ஒரு தட்டுத் தட்டிட்டுக் காதை வச்சுக் கேப்பான். கணீர்னா நல்ல கல்லு. மொத்துனு கேட்டா உள்ளே விரிசல். வக்கீல் அனந்தராமன் வூட்டு வாசல்படிக்கு ஒரே பாறையில ரெண்டு நீளப் பலகை வெட்டினாங்க. தேசப்பன் தட்டிப் பார்த்துட்டு, "பாறையே சொத்தை மேஸ்திரி, ரெண்டும் வேணாம்"ன்னான்.

"கெடு முடியப் போவுது. வாயை மூடிக்கினு ஏத்துடா"ன்னான் வேதாந்தம்.

பக்கத்துல நின்ன நானும் வாயை மூடிக்கினுதான் இருந்தேன். வண்டிக்கு வேலை போயிடும்னு பயம். த்தூ, நானும் ஒரு மனுசன்!

மாம்பலத்துல இறக்கறப்போ மொத பலகை நடுவால முறிஞ்சு தேசப்பன் நெஞ்சு மேல வுழுந்துச்சு. அங்கேயே உசிரு போயிடுச்சு. அந்தப் பேமானி வேதாந்தம் இன்னா சொன்னான் தெரியுமா? "கல்லுல ஒரு குத்தமும் இல்ல. குடிச்சுட்டு வந்து, வெட்டறப்பவே உளியைத் தப்பா வச்சுட்டான்." கள்ளுக்கடைப் பக்கமே போகாதவன் தேசப்பன். ஆனா மேஸ்திரி சொல்லை எவன் மறுப்பான்? அன்னியிலேர்ந்து முத்தம்மாவுக்குக் குடிகாரன் பொண்டாட்டின்னு பேரு.

அதுக்கப்புறம் பெரிய தர்மப்பிரபு கணக்கா அவளுக்கு ஜல்லி உடைக்கிற வேலை குடுத்தான். ஒருநாள் கல்லை மாவு மாதிரி இடிச்சுத் தரச் சொன்னான். இவளும் இடிச்சுக் குடுத்தா. அப்பால அவ கொட்டாய்க்குப் பின்னால எட்டிப் பார்த்தா, மெழுகை உருக்கி, இவ இடிச்ச தூளைக் கலந்து, ரெண்டாவது பலகை விரிசல்ல வழிச்சுத் தேய்ச்சுக்கினு இருக்கான். காஞ்சப்புறம் கண்ணுக்கே தெரியல. அதுதான் வக்கீல் வூட்டுக்கு மேல்படி ஆச்சு.

சாயங்காலம் வண்டியில வர்றப்போ சொன்னா. "அண்ணாத்தே, எம்புருசனைக் கொன்ன பாறைக்கு என் கையாலயே மாவு இடிக்க வச்சுட்டான்."

"வா, இப்பவே வக்கீலாண்ட சொல்லுவோம்"னேன்.

"வேணாம். கூலிக்காரி உளர்றான்னு தொரத்திடுவாங்க. கிரகப்பிரவேசம் வரட்டும். நாலு பேரு முன்னால அவன் கழுத்துல மாலை வுழட்டும். அப்பால நான் பார்த்துக்கறேன்."

ரெண்டு மாசம் அவனுக்குக் கும்பிடு போட்டுக்கினே ஜல்லி உடைச்சா. அவ வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்!

வைகாசி வெயில்ல கிரகப்பிரவேசம். மேஸ்திரிக்கு மாலை போட்டு, வேட்டி, தாம்பூலம் குடுத்தாங்க. முத்தம்மா வக்கீல் சம்சாரம் சுலோச்சனா அம்மாகிட்டப் போயி, "வேலை செஞ்ச கையால வாசல்ல திருஷ்டி கழிக்கிறேம்மா"ன்னா. அந்தம்மாவும் சிரிச்சுக்கினே தலையாட்டிச்சு. இவ முந்தானை முடிச்சை அவுத்து ரெண்டு கைப்பிடிக் கற்பூரத்தை மேல்படியில கொட்டிக் கொளுத்திட்டா.

வேதாந்தம் மூஞ்சி செத்துப்போச்சு. "அணைங்க! கல்லு கெட்டுடும்!"னு ஓடியாந்தான்.

"கற்பூரத்துக்குக் கருங்கல்லு கெடுமா மேஸ்திரி?"ன்னு குறுக்கே நின்னா முத்தம்மா.

"ஐயோ, படியிலேர்ந்து என்னமோ உருகி வழியறதே!"ன்னு சுலோச்சனா அம்மா கத்திச்சு. மெழுகு வழிய வழிய, பலகையில கோணலா விரிசல் வாயைப் பொளந்துச்சு. வந்த ஜனம் மொத்தமும் குனிஞ்சு பார்த்துச்சு.

"வேதாந்தம், என்னய்யா இது?"ன்னாரு வக்கீல்.

"நான் சொல்றேன் சாமி. எம்புருசனைக் கொன்ன கல்லோட கூடப்பொறந்தது இது. சொத்தைன்னு தெரிஞ்சுதான் பூசினான்." அவன் பக்கம் திரும்பினா. "குடிச்சது யாரு? சொல்லு."

"அவன்... குடிக்கல."

"எவன்? பேரு இல்லியா?"

"தேசப்பன் குடிக்கல. கல்லுதான் சொத்தை."

"காது கேக்கல."

மூணு தரம் சொல்ல வச்சா. மாலையோட நின்னுக்கினு சொன்னான். என் ஜென்மத்துல அப்படி ஒரு சந்தோசம் நான் பட்டதில்ல.

படியைப் பேத்து வீசச் சொன்னாரு வக்கீல். "எனக்குக் குடுங்க சாமி"ன்னு கேட்டு வாங்கினா முத்தம்மா. விசயம் கேட்டுப் பல்லாவரத்திலேர்ந்து பத்து கல்தச்சனுங்க தானாவே வந்து என் வண்டியில ஏத்திவுட்டாங்க. நேரா மந்தைவெளிக்கு ஓட்டினேன். வேதாந்தம் வூட்டு வாசலுக்குக் குறுக்கால, முழங்கால் உயரத்துக்குப் பலகையைச் சாய்ச்சுப் போட்டோம். அதை நகத்தவும் உடைக்கவும் எந்தக் கல்தச்சனும் வரல. மாம்பலத்துல அவனுக்கு அப்புறம் வேலையும் இல்ல. ஏழு வருசம் காலைத் தூக்கி அதைத் தாண்டித்தான் உள்ளே போனான், வெளியே வந்தான்.

அவன் பாடையும் அதைத் தாண்டித்தான் வந்துச்சு. முன்னால தூக்கினவன் கல்லு தடுக்கித் தள்ளாடினான். எதிர்ச்சாரியில நின்ன முத்தம்மா சத்தமாச் சொன்னா.

"பார்த்துத் தூக்குங்கப்பா. வுழுந்துட்டா, குடிச்சுட்டு வந்தான்னு சொல்லிடுவாங்க."