சசிகுமாரைப் பார்க்க வந்தவர்கள்

சசிகுமார் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் அவனைத் திட்டினால் நானும் சேர்ந்து திட்டுவேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பெனி கேட்டில் அவன் செக்யூரிட்டி. கேட்டுக்கு எதிரே என் டிபன் கடை. ஆறு வருஷமாக என் இட்லியைத் தின்றுவிட்டு என்னையே குறை சொல்கிறவன்.

வளர்ந்தது ஊத்துக்கோட்டைப் பக்கம், நெல் பயிர் வைக்கிற வீட்டில். பிறந்தது அங்கே ஒரு செங்கல் சூளையில், ஒரிசாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருத்திக்கு. அவள் புருஷன் சூளையிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். கைக்குழந்தையை, பிள்ளையில்லாத அந்த வீட்டு அங்காளம்மாளிடம் கொடுத்துவிட்டு, மூத்தவனோடு ஊர் திரும்பினாள். சசிகுமாருக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தபோது அங்காளம்மாளே இதைச் சொன்னாள். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பேஜார்.

"ஒரு தபா அந்தம்மாவப் பாத்தா போதும்க்கா," என்பான். ஒரிசா ஆட்களைக் கொண்டுவரும் மேஸ்திரி குப்புராஜுக்கு அவர்கள் பாஷை தெரியும். அவரிடம் சொல்லி விசாரிக்க வைத்தான். நாலு மாதமாகப் பதில் இல்லை.

திங்கட்கிழமை காலையில் எங்கள் கேட்டைப் பார்க்க வேண்டுமே! ரயிலில் இறங்கி, மூட்டை முடிச்சோடு வேலை கேட்டு வரும் வடக்கத்தி ஆட்கள். மேஸ்திரி இல்லாமல் வந்தவர்களை உள்ளே விடக்கூடாது என்பது கம்பெனி சட்டம். செக்யூரிட்டிக்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டே கையை ஆட்டுவார்கள், ஈ ஓட்டுகிற மாதிரி.

அப்படி ஒரு திங்கட்கிழமை, ஐம்பது தாண்டிய ஒரு பொம்பளையும் முப்பது வயது ஆளும் வந்து நின்று ஏதோ சொன்னார்கள். அவள் கேட்டருகே உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தாள். ஷிஃப்ட் மாறுகிற நேரம், பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

"மேஸ்திரி இல்லாம இன்னாத்துக்கு வர்றீங்க? ஜாவ், ஜாவ்!" என்று கத்திய சசிகுமார், மூட்டையைக் காலால் ஓரம் தள்ளினான். பொரி சிதறியது. அவன் கண் ரிஜிஸ்டரில்தான் இருந்தது.

இரண்டு பேரும் என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் அவள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் யோக்கியமா? "நாஷ்டா டைமும்மா, எயுந்திரு, எடம் வுடு," என்று கிளப்பிவிட்டேன். என் வாய் வெந்து போக!

இரண்டு நாள் கழித்து, சசிகுமார் டீ குடித்துக்கொண்டிருக்கையில் குப்புராஜ் வந்தார். "இன்னாடா, அம்மாவப் பாத்துட்டு வாயே தொறக்கல? நேர்ல பாத்து சந்தோசப்படட்டும்னுதான் நான் முன்னாடி சொல்லல. கம்பெனி பேரு, உன் பேரு எல்லாம் அவங்களுக்கு எய்தி அனுப்பினேனே."

"எந்த அம்மா?" என்றான் சசிகுமார். எனக்குத் திங்கட்கிழமை பெஞ்சிலிருந்து கிளப்பிவிட்டவள் ஞாபகம் வந்தது.

குப்புராஜ் அங்கேயே அண்ணன்காரனுக்குப் போன் போட்டார். அவன் சசிகுமாரின் சட்டையிலிருந்த பெயரைப் படித்திருக்கிறான். சொல்ல வாயெடுத்தவனைத் தாய்தான் தடுத்திருக்கிறாள். இத்தனை பேர் முன்னால் நான்தான் பெற்றவள் என்றால் பிள்ளைக்கு அசிங்கமாகிவிடும் என்றாளாம்.

"நான் ஊருக்கே வரேன்னு சொல்லுங்கண்ணா," என்று சசிகுமார் அழுதான். குப்புராஜ் சொன்னார். பதிலைக் கேட்டுவிட்டுப் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"வராதன்றாங்கடா. குயந்த சூளையிலயே செத்துட்ச்சுன்னு ஊர்ல சொல்லி வச்சிருக்காங்களாம். நீ போய் நின்னா அவங்க அங்க இருக்க முடியாது. உன்ன நல்லா பாத்துட்டாங்களாம், போதுமாம்."

"அவங்க பாத்துட்டாங்க. நான் பாக்கலியேண்ணா!"

ஒரு போட்டோவாவது அனுப்பச் சொல்லிக் கெஞ்சினான். அண்ணன்காரன் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

அவள் முகம் எப்படி இருந்தது என்று இப்போதும் சசிகுமார் என்னிடம்தான் வந்து கேட்கிறான். ஒரு மணி நேரம் உன் கடையில்தானே இருந்தாள் என்கிறான். நானும் சரியாகப் பார்க்கவில்லை என்று அவனிடம் எந்த வாயால் சொல்வேன்?