சீனுவாசனின் வெறும் வயிறு

கிளியனூர் சீனுவாசனுக்கு முதுகு வலித்தபோது, மல்லாட்டைக் கடலை மூட்டை தூக்கிய வலி என்றுதான் ஊரில் சொன்னார்கள். விழுப்புரத்தில் டாக்டர் கலைப்பிரியா படம் எடுத்துப் பார்த்து, புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், எலும்புக்கும் போய்விட்டது என்றார். முன்பெல்லாம் பெரும்பாலும் விதையையே அறுத்து எடுத்துவிடுவார்களாம். இப்போது மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி. கூடவே ஆரம்பத்திலிருந்தே மாத்திரையும் கொடுத்தால் நோய் நெடுநாள் அடங்கிக் கிடக்கிறதாம். அறுப்பது என்ற சொல்லுக்குப் பிறகு சீனுவாசன் காதில் எதுவும் ஏறவில்லை. ஊசி என்ற சொல் மட்டும் விழுந்தது, கும்பிட்டார்.

ஆண் சுரப்பை வற்றவைக்கும் ஊசி அது. மார்கழிக் காலையில் ஊரே காதில் துண்டு கட்டிக்கொண்டு திரிய, இவர் மட்டும் வேர்த்துக் கொட்டி, சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கு அடியில் உட்கார்ந்தார். மனைவி கெங்கம்மாள் நிதானமாக எதிரில் வந்து நின்றாள்.

"எனக்குத் தூரம் நின்னு இப்படி வேர்த்தப்போ கொழுப்புன்னு சொன்னியே. உனக்கு இன்னாய்யா?"

ஒருத்தியோடு பாதி ஆயுள் குடும்பம் நடத்தியும் அவள் உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாமலே இருந்துவிடலாம் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

வலி போனது. மறுபடி களைக்கொட்டு பிடித்தார். ஆனால் கால் வீங்கியது, ரத்த அழுத்தம் ஏறியது, பொட்டாசியம் குறைந்தது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, நிறுத்திவிடலாம் என்றார் கலைப்பிரியா. எழுந்து நடக்கவைத்த மாத்திரை அது.

வெறும் வயிற்றில்தானே போடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். தவறாமல் என்றார் இவர். சாப்பிட்டுவிட்டுப் போடுவதில்லையே? சாப்பாடே வெயில் ஏறிய பிறகுதான் என்றார். புருஷனுக்காகச் சாட்சி சொல்லக் கெங்கம்மாளும் முன்னால் வந்தாள். கூழ் குடித்த கையோடு மாத்திரையை எடுத்துக் கொடுப்பதே அவள்தானாம்.

கலைப்பிரியாவின் பேனா நின்றது. "கூழா?"

"கேப்பைக் கூழு டாக்டரம்மா. ஒரு சொம்பு," என்றார் சீனுவாசன். "அது குடிக்கிறதாச்சே. சாப்பிடறதுல சேராதுங்களே."

வயிற்றில் எது இருந்தாலும் இந்த மாத்திரை பல மடங்கு உடம்பில் ஏறிவிடும், கால் வீங்கியதும் அதனால்தான் என்றார் டாக்டர். சில நாள் நிறுத்திப் பொட்டாசியத்தைச் சரிசெய்தார்கள். பிறகு விடிந்ததும் தண்ணீரோடு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துத்தான் கூழ். நோயைத் தாங்கிக்கொண்ட சீனுவாசனுக்கு அந்த ஒரு மணி நேரத்தைத்தான் தாங்க முடியவில்லை. சொம்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அடுத்த முறை போனபோது கால் வீக்கம் வடிந்திருந்தது. ரத்தச் சோதனையும் சரியாக இருந்தது. மாத்திரை தொடரட்டும் என்றார் கலைப்பிரியா. இவர் சீட்டை மடித்துக்கொண்டிருக்கும்போதே இதே மாத்திரை போடும் திண்டிவனத்துப் பெரியவர் ஒருவர் மனைவியோடு உள்ளே வந்தார். டாக்டர் இப்போது கேள்வியை மாற்றியிருந்தார். காலையில் மாத்திரைக்கு முன்னால் என்ன குடிச்சீங்க என்று கேட்டார்.

பெரியவர் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார்.

"அம்மன் கோயில்ல கயிறு கட்டிக்கினேன் டாக்டரம்மா. இப்ப தொடறதே இல்ல."