"சார் ஊர்ல இல்ல" என்று சொல்லாததற்காக

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, என்னைக் கைவிடாத கர்த்தருக்கு முதலில் நன்றி சொல்கிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சாட்சியில் கோபம் எதற்கு என்று கேட்பவர்கள் கடைசிவரை படியுங்கள்.

போன வருடம் ஆடித்தபசு சமயத்தில் வேலையை இழந்து நம் ஊர் சங்கரன்கோவிலில் வந்து இறங்கினேன். திருவிழாக் கூட்டத்தால் பஸ் ஊருக்குள் போகவில்லை. வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். வெயிலில் இரண்டு பைகளையும் இழுத்துக்கொண்டு நடந்தபோது, "ஆண்டவரே, நான் செய்தது தப்பா?" என்று வாய்விட்டே கேட்டேன். அழுகைதான் வந்தது.

நான் சென்னையில் ஒரு கம்பெனியில் எம்.டி.க்கு எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டென்ட்டாக இருந்தேன். ஊரில் இதைச் சொன்னால், "ஓ, பி.ஏ.வா?" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குத் தெரியாது என்று நினைப்பு. பி.காம். முடித்து, ரிசப்ஷனில் உட்கார்ந்து, எட்டாத இங்கிலீஷை எட்டிப் பிடித்து, படிப்படியாக ஏறிவந்த வேலை அது. எம்.டி. யாரை எப்போது பார்க்க வேண்டும், எந்த ஃபிளைட்டில் போக வேண்டும், எந்த மீட்டிங்கில் யார் எதற்கு ஒத்துக்கொண்டார்கள், அவர் யார் மேல் எரிந்து விழுந்தார், அந்த ஆளை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று எல்லாம் என் தலையில்தான் இருக்கும். காபி கொண்டுபோய் வைக்கிற வேலை என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இந்த வேலையில் எல்லோரும் தினமும் கூசாமல் சொல்கிற பொய் ஒன்று உண்டு. எம்.டி. உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். போன் வந்தால் "சார் மீட்டிங்கில் இருக்கிறார்." ஆள் வந்தால் "சார் ஊரில் இல்லை." நான் மட்டும் அதைச் சொல்ல மாட்டேன். "சாரால் இப்போது பார்க்க முடியாது" என்பேன். அது உண்மை. பல வருடங்கள் இந்த ஒரு வரியை வைத்தே சமாளித்தேன். எம்.டி.யும் "சர்ச் பார்ட்டி" என்று கேலி செய்வாரே தவிர, கண்டுகொள்ள மாட்டார்.

ஒருநாள் எங்கள் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் மனைவி வந்தார். மெஷினில் கை நசுங்கிய கணவருக்கு, உட்கார்ந்து பார்க்கிற வேலையாக மாற்றித் தரும்படி கேட்க வந்திருந்தார். நான் உள்ளே போய்ச் சொன்னேன்.

"டெல்லி போயிட்டேன்னு சொல்லி அனுப்பு" என்றார் எம்.டி.

நான் வெளியே வந்து வழக்கமான வரியைச் சொன்னேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். "சாரு உள்ள இருக்காரா, இல்லையா? அத மட்டும் சொல்லும்மா" என்றார்.

அதற்கு என்னிடம் வரி இல்லை. "இருக்கிறார்" என்றேன்.

அவர் நேரே தொழிற்சாலை வாசல் கேட்டுக்குப் போய் நின்றுகொண்டார். சாயங்காலம் எம்.டி.யின் கார் வெளியே வந்தபோது முன்னால் வந்து கும்பிட்டார். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மறுநாள் காலை எனக்கு வேலை இல்லை. "ஒரு பொய் சொல்லத் துப்பில்லாதவளை வெச்சுக்கிட்டு நான் எப்படி ஆபீஸ் நடத்துறது?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார்.

அவர் உலகத்து மனுஷர், போகட்டும். வீட்டுக்கு வந்தால் அப்பா, "ஏட்டி, ஊர்ல இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுததுல ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்றார். ஆறுதலுக்குச் சபைக்குப் போனேன். நம் சபைக் கமிட்டியில் இருக்கும் தருமராஜ் அண்ணாச்சி, "இதெல்லாம் ஆபீஸ் பழக்கம் மக்கா. ஆண்டவரு இதயெல்லாம் பொய்னு எடுத்துக்கிடுவாரா? நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கணும்" என்றார். அடுத்த ஞாயிறு அதே அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு உண்மை பேசுவதைப் பற்றிப் பாடம் எடுத்தார். எனக்கு நெஞ்சு கொதித்தது.

வீட்டிலிருந்தே வீடியோவில் இன்டர்வியூக்கள் கொடுத்தேன். பக்கத்துத் தெரு விசைத்தறிச் சத்தம் கேட்காமலிருக்க ஜன்னலை அடைத்துக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்கப் பேசுவேன். எல்லோரும் "வெரி குட்" என்பார்கள். கடைசியில் என் பழைய எம்.டி.க்குப் போன் செய்து விசாரிப்பார்கள். அதோடு சரி, என்னைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். ஐப்பசி மழையும் வந்துவிட்டது. பி.ஏ. வேலை பார்த்த பெண், காரணம் தெரியாமல் துரத்தப்பட்டவள் என்று, வந்த ஒரு சம்பந்தமும் திரும்பிப் போனது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனேன். மற்றவர்கள் கண்ணீரோடு ஜெபித்தார்கள். நான் சண்டை போட்டேன். "ஆண்டவரே, அந்த மனுஷன் வாய்தான் என் வழியை அடைக்கிறது. அந்த வாயைக் கட்டும். இல்லையென்றால், பொய் சொல்லிப் பிழைத்துக்கொள் என்று என்னிடம் சொல்லிவிடும்."

கர்த்தர் அந்த வாயைக் கட்டவில்லை. நன்றாகத் திறந்துவிட்டார்.

அடுத்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு போன். நான் இன்டர்வியூ கொடுத்திருந்த, மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியை நடத்தும் அம்மையார், தாமே பேசினார். சிரித்துக்கொண்டே பேசினார்.

"உங்க பழைய எம்.டி. உங்களைத் திட்டித் தீர்த்துட்டார். 'நான் உள்ள இருக்கும்போது இல்லைன்னு சொல்லச் சொன்னா சொல்ல மாட்டா'ன்னார். வேற என்ன குறைன்னு கேட்டேன். யோசிச்சுப் பார்த்துட்டு, வேற ஒண்ணும் இல்லைன்னுட்டார். இங்க எங்கிட்டயே 'எல்லாம் முடிஞ்சுது மேடம்'னு பொய் சொல்றவங்கதான் ஜாஸ்தி. நீங்க எப்ப வர்றீங்க?"

போனை வைத்துவிட்டு முழங்காலில் விழுந்தேன். என்னைக் கெடுக்க நினைத்தவர் வாயாலேயே எனக்குச் சிபாரிசு வாங்கித் தந்த தேவனை என்னவென்று சொல்வேன்! அந்தத் தொழிலாளிக்கும் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்துவிட்டதாகப் பழைய ஆபீஸ் வாட்ச்மேன் பிறகு சொன்னார். இப்போது பாதி நாட்கள் நம் ஊரிலிருந்தும், மீதி நாட்கள் கோவையிலுமாக வேலை பார்க்கிறேன். பயம் போய்விட்டது. கோபம் மட்டும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அதற்கும் ஜெபிக்கிறேன்.

சபை மலருக்குச் சாட்சி எழுதித் தரச் சொன்ன தருமராஜ் அண்ணாச்சி, "வேல கெடச்சத எழுதும்மா, போதும். நாங்க சொன்னதெல்லாம் எதுக்கு?" என்றார். பாதி உண்மையைச் சாட்சி என்று எப்படி எழுதுவது? அதனால் முழுவதையும் எழுதிவிட்டேன்.

அன்பானவர்களே, இன்று சாயங்காலமே நீங்கள் பார்க்க விரும்பாத யாராவது உங்கள் வாசலில் வந்து நிற்கலாம். கதவைத் திறக்கப் போகும் பிள்ளையிடம் "அப்பா இல்லன்னு சொல்லு" என்று சொல்லாதீர்கள். எழுந்து நீங்களே போங்கள். அதற்குப் பிறகு என்ன வந்தாலும் கர்த்தர் பார்த்துக்கொள்வார். என்னைப் பார்த்துக்கொண்டார்.