அம்மாவின் இழுப்பும் அப்பாவின் ரம்பமும்

"பொம்பளப் பிள்ள தூசியக் கூட்டலாம் பாப்பா, புடிக்க முடியாதுலா" என்று சித்தப்பா என்னிடம் சொன்னபோது அவருடைய மீசை முழுக்க ரப்பர் மரத்தூள் படிந்து வெளுத்திருந்தது. அறுத்த ரப்பர் மரத்துக்கென்று ஒரு வாசம் உண்டு, பால் காய்ந்துபோன கோப்பையை மூக்கருகே பிடித்ததுபோல் லேசான புளிப்போடு அது தொண்டையில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். என் பதின்ம வயதில் பாதி அந்த வாசத்தில்தான் கழிந்தது. தலையணையில் அடிக்கும், பள்ளிச் சீருடையில் அடிக்கும், சமயத்தில் ரசத்திலும் அடிக்கும்.

ரந்தா பட்டணத்துக்கு வெளியே நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்று, குடியிருந்த லயங்களைக் காலி செய்யச் சொன்ன பிறகு, நாங்கள் தாமானில், புதிதாக எழும்பிய குடியிருப்பில், ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். அதுவரை தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்த அப்பா, கையில் வந்த பணத்தில் ஒரு மேசை ரம்பம் வாங்கி, வீட்டின் பின்புறம் தகரம் போட்டு மூடிய இடத்தில் வைத்தார். தாமானில் புதிதாகக் குடிவந்த தமிழர் வீடுகளுக்கெல்லாம் சாமி மேடை தேவைப்பட்டது. மூன்று படி வைத்து, மேலே கோபுரம் மாதிரி ஒரு முகப்பும் வைத்து அப்பா செய்த சாமி மேடைகள் ரெம்பாவ் வரைக்கும் போயின. குடும்பம் அந்த ரம்பத்தில்தான் ஓடியது.

அதே ரம்பத்தால்தான் அம்மாவுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. பால்மரம் சீவிய காலத்திலேயே அவருக்கு "இழுப்பு" இருந்தது, ஆனால் அப்போது மழைக்காலத்தில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ரம்பம் வந்த பிறகு வாரத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு ஓடி, முகமூடி வழியாக மருந்துப் புகை பிடிக்கிற "கேஸ்" வைத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. ரெம்பாவில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்கியபோது இழுப்பு இருந்த இடம் தெரியவில்லை. திரும்பி வந்த அம்மா பையைப் பிரித்துத் துணியை எடுத்து வைக்காமல் அப்படியே கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். இந்த வீட்டில் ஒன்று ரம்பம் இருக்கும் அல்லது தான் இருப்பதாக அப்பாவிடம் சொல்லிவிட்டார். அம்மா வெறும் வாய்ப்பேச்சுக்காரர் இல்லை என்பது அப்பாவுக்குத் தெரியும். ரம்பத்தை விற்றுவிட்டுச் சிரம்பானில் "ஜாகா" வேலைக்கு, காவல்காரராக, அப்பா போவதென்று முடிவாயிற்று. லிங்கியிலிருந்து ஒருவர் அதை வாங்க வந்து, ரம்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பள்ளி விடுமுறை முடிந்ததும் லோரியோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

ஆக, எனக்குக் கிடைத்த அவகாசம் அந்தப் பள்ளி விடுமுறை. எங்கள் குடும்பத்தில் இடைநிலைப்பள்ளிக்குள் காலடி வைத்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. அப்பா தமிழ்ப்பள்ளியைப் பாதியில் விட்டவர், அம்மா பள்ளிக்கே போகாதவர். இடைநிலைப்பள்ளியின் நான்காம் படிவத்தில் இயற்பியல் எடுத்திருந்த எனக்கு, காற்று எப்படிப் போகும் எப்படி வரும் என்பது ஓரளவு தெரியும் என்ற தைரியம் இருந்தது. தூசியைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று நான் சொன்னபோதுதான், மேசை நாற்காலி செய்யும் தளவாடத் தொழிற்சாலையில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, முதலில் சொன்ன அந்த வார்த்தையைச் சொன்னார்.

அவர் சொன்னதில் "கூட்டலாம்" என்ற சொல் எனக்குள் சிக்கிக்கொண்டது. அம்மாவுக்கு இழுப்பு எப்போது வருகிறது என்று கவனிக்கத் தொடங்கினேன். ரம்பம் ஓடும்போது அவர் பெரும்பாலும் ஒரு தொழிற்சாலைக் கேண்டீன் வேலையில் இருந்தார். சாயங்காலம் வந்து, தகரக் கொட்டகையை விளக்குமாற்றால் கூட்டி முடித்த பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். கனமான தூள் எப்போதோ தரையில் விழுந்துவிட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாத மாவு போன்றதை விளக்குமாறுதான் மறுபடி கிளப்பிவிட்டது. தமிழில் கூட்டுவது என்றால் பெருக்குவது, அதிகமாக்குவதும் அதுதான். எங்கள் வீட்டில் இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன.

அப்பா அதற்குமுன் செய்துவைத்திருந்த வைத்தியம் ஒரு பெரிய மின்விசிறி. முதுகில் மெசினை மாட்டிக்கொண்டு தோட்டம் முழுக்க மருந்து ஊதிய மனிதர் அவர். எதையும் ஊதித் தள்ளினால் போய்விடும் என்று நம்பினார். ஊதிய தூள் பக்கத்து வீட்டு மக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, காயப்போட்ட துணியில் போய்ப் படிந்து, அவரிடம் ஒரு பாட்டு வாங்கியதுதான் மிச்சம். ஊதக் கூடாது, பிறக்கிற இடத்திலேயே இழுக்க வேண்டும் என்று அவருக்கு விளக்கினேன். புரிந்ததுபோல் தலையாட்டினார். பிறகு சித்தப்பாவிடம், பாப்பா ஓர் இழுப்பு மெசின் கேட்கிறாள், சிரம்பானில் கிடைக்குமா பார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் சித்தப்பா லோரியிலிருந்து இறங்கிப் பெருமையாக ஒரு பெட்டியை மேசைமேல் வைத்தார். திறந்து பார்த்தால், முகமூடியும் குழாயும் வைத்த, கிளினிக்கில் இருப்பதுபோன்ற சின்ன கேஸ் மெசின். இழுப்புக்கு மெசின் என்றால் மருந்துக்கடைக்குத்தானே போவார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அப்ப நான் இத மூஞ்சில மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கணும், நீங்க பாட்டுக்கு மரம் அறுக்கணும். அதானே?" என்றார் அம்மா.

சித்தப்பா பெட்டியை மூடினார். அப்பா என்னைப் பார்த்தார்.

"இழுப்பு ஒங்களுக்கு வேணாம்மா, ரம்பத்துக்கு வரட்டும்" என்றேன். அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினார். அவர் என் பேச்சுக்கு முழுதாகக் காது கொடுத்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பெட்டி மருந்துக்கடைக்கே திரும்பிப் போனது, சித்தப்பா எத்தனை கும்பிடு போட்டாரோ தெரியாது. நான் சைபர் கஃபேயில் உட்கார்ந்து படித்தேன். தொழிற்சாலைகளில் இருப்பதுபோன்ற, பெரிய துணிப்பை தொங்கும் தூசி இழுப்பான் ஏராளமான காற்றை இழுக்கும். ஆனால் அது எங்கள் கொட்டகையில் பாதியை அடைத்துக்கொள்ளும், விலையும் ரம்பத்தை விட அதிகம், மலிவான பைகளோ மாவுத்தூசியை மறுபக்கம் வெளியே விட்டுவிடும். தண்ணீரும் குப்பையும் சேர்த்து இழுக்கிற "வேக்கும்" கிளீனர் இழுக்கும் காற்று குறைவு, பிடி மட்டும் பலம். அந்தக் குறைந்த காற்று போதுமானதாக இருக்க வேண்டுமென்றால், ரம்பத்தில் திறந்து கிடக்கும் இடங்களையெல்லாம் அடைக்க வேண்டும். அடைப்பதற்குப் பலகை எங்களிடமே இருந்தது. ஆகவே என் முடிவு வேக்கும். ரந்தாவில் மூடப்போகிற ஒரு கார் கழுவும் கடையில் பழையது ஒன்று கிடைத்தது. மிச்சப்பட்ட பணத்தில் நல்ல நெருக்கமான வடிகட்டி ஒன்றைப் புதிதாக வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

அப்பாவுக்கு அது வீண்செலவாகப் பட்டது. இன்னும் பெரிய மோட்டாராகப் பார்க்கலாமே என்றார். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பால் வடிகட்டுற சல்லட கிழிஞ்சிருந்தா வாளி எம்புட்டுப் பெருசா இருந்து என்னத்துக்கு? பிள்ள சொல்றத வாங்கிக் குடுங்க."

ரம்பத்தின் வயிறு கீழே திறந்தே இருந்தது. அதைச் சரிவான பலகைகளால் மூடி, கீழ்முனையில் குழாயைச் செருகினோம். பலகைச் சந்துகளுக்கெல்லாம் அப்பா ஒட்டுநாடா ஒட்டினார். குழாய்க்கும் வேக்குமுக்கும் நடுவில் பெயிண்ட் வந்த, மூடி போட்ட ஒரு பழைய சாயவாளியை வைத்தேன், பெரிய தூள் அதில் சுழன்று விழுந்துவிட்டால் வடிகட்டி சீக்கிரம் அடைக்காது என்பது கணக்கு. முதல் தடவை விசையைத் தட்டியதும், குழாயில் ஒரு மரத்துண்டு சிக்கிக்கொள்ள, வாளி படாரென்று உள்ளே ஒடுங்கிச் சப்பிப்போயிற்று. சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாளியே இப்படியென்றால் பக்கத்து வீட்டுப் பூனை பத்திரம் என்றார். எனக்கு வெட்கமாக இல்லை, இழுப்பு உண்மையில் பலமானது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். தண்ணீர் பிடித்துவைக்கும் தடித்த நீல நிறத் தோங் பீப்பாயை அந்த இடத்தில் வைத்தேன், அது அசையவில்லை. ரம்பப் பல்லுக்கு மேலே பறக்கிற தூளுக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் ஒரு மூடி செய்து, அதற்கும் ஒரு கிளைக்குழாய் விட்டோம். அறுப்பவர் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும், விளக்குமாறு இனிமேல் கொட்டகைக்குள் வரக் கூடாது, தரையையும் வேக்குமே இழுக்கும் என்று சட்டம் போட்டேன்.

அதன்பிறகு அப்பா ஒரு முழு சாமி மேடைக்குத் தேவையான பலகைகளை ஒரே மூச்சில் அறுத்தார். அம்மா கேண்டீனுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். அடுப்படி மேசையில் ஓர் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார், எதற்கென்று நாங்கள் கேட்கவில்லை. ரம்பம் நின்றதும் வந்து தட்டின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்தார். விரலைப் பார்த்தார். கொட்டகைக்குள் போய் மூச்சை இழுத்து விட்டார், இன்னொரு தடவை இழுத்து விட்டார். அன்று சாயங்காலமும் மறுநாளும் இழுப்பு வரவில்லை. அந்த வாரம் முடிந்தபோது, கதவுக்குப் பின்னால் ஆணியில் பையைக் காணவில்லை. சேலைகள் அலமாரியில் இருந்தன.

சொன்னபடி லிங்கிக்காரர் லோரியோடு வந்தார். அப்பா வாசலிலேயே அவரை நிறுத்தி, "விக்கலலா அண்ணே. வீட்டுல ஒத்துக்க மாட்டேங்குறாங்க" என்றார்.

இப்போது அந்தத் தோட்டத்து லயங்கள் இல்லை, அந்த இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. கார் கழுவும் கடை கைத்தொலைபேசிக் கடையாகிவிட்டது. பழைய வேக்குமின் மோட்டார் என்றோ எரிந்து, அதற்குப் பின் வந்ததும் பழசாகிவிட்டது. அப்பா இன்னும் அறுக்கிறார். அம்மாவின் இழுப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் ரசத்தில் மரவாசம் இல்லை. மறைந்துபோனவற்றை எண்ணி ஏங்கி எழுதுவதுதான் வழக்கம். மறைந்ததே நல்லது என்று நான் நினைப்பது இந்த வாசத்தைத்தான், இதற்காக நான் ஏங்கப் போவதில்லை.

தொழிற்பயிற்சி மையத்தில் இயந்திரப் பிரிவில் சொல்லிக்கொடுக்கிற வேலை எனக்கு. போன மாதம் ரந்தாவிலேயே சொந்தமாக ஒரு வீட்டுக்கு வந்திருக்கிறேன், பின்னறையைப் பட்டறையாக்கப் போகிறேன். எந்த ரம்பம் வாங்கலாம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. தூசி இழுப்பான் மட்டும் வந்து இறங்கிவிட்டது. நேற்று சுவரில் துளை போட்டுக் குழாயை மாட்டி, ஓட்டியும் பார்த்துவிட்டேன்.