பெண்கள் பக்கத்துத் தகரக் கொட்டகை

மரியாதை என்று நினைத்துச் செய்கிற காரியம் கொடுமையாகவும் இருக்க முடியுமா? காத்தமுத்துவின் வாழ்க்கை எழுப்பிய கேள்வி அது.

எழுபதுகளில் மலேசியாவின் ஈப்போ வட்டார ரப்பர் தோட்டக் கோயில் திருவிழாக்களுக்குத் தற்காலிகக் கழிப்பறை அமைத்துக் கொடுத்தவர் அவர். தகரமும் பலகையும் லோரியில் ஏற்றி வந்து முதல் நாளே கொட்டகை எழுப்பிவிடுவார். ஆண்களுக்குப் பந்தலை ஒட்டி. பெண்களுக்கு, யார் கண்ணிலும் படாமல், திடலைக் கடந்து ரப்பர் மரங்களுக்கு அப்பால். "பொம்பளைங்க மானம் பாக்குறவரு" என்று கோயில் கமிட்டியில் நல்ல பெயர். பெண்கள் கொட்டகை மாலையிலும் சுத்தமாகவே இருக்கும். அதிலும் அவருக்குப் பெருமை.

ஒரு பங்குனித் திருவிழாவில், பால்குடத்தை இறக்கி வைத்த கையோடு அவர் மனைவி நல்லம்மாள் மயங்கிச் சாய்ந்தாள். தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"குடி புள்ள."

"வேணாங்க. அப்புறம் அங்க போகணும். அத்தன ஆம்பளைங்களும் பாக்க எப்படி நடந்து போறது? நேத்துலேருந்தே நாங்க யாரும் குடிக்கல லா."

அவர் திரும்பி, திடலுக்கு அப்பாலிருந்த ரப்பர் மரங்களைப் பார்த்தார். இத்தனை வருடமும் அந்தக் கொட்டகை சுத்தமாக இருந்தது, யாருமே போகாததால்.

மறு வருடம் பெண்கள் கொட்டகை தண்ணீர்ப் பந்தலை ஒட்டி நின்றது. ஆண்களுடையது ரப்பர் மரங்களுக்கு அப்பால் போயிருந்தது.

"என்ன அண்ணே, அவசரத்துக்கு நாங்க தாப்பா டவுன் வரைக்கும் நடக்கணும் போலிருக்கு லா" என்று கமிட்டிக்காரர் ஒருவர் கேலி செய்தார்.

இரண்டையும் பந்தல் பக்கத்திலேயே வைக்க இடம் இருந்தது. அத்தனை பேரும் பார்க்க, காத்தமுத்து அந்தத் திடலை முதல் ஆளாக நடந்து கடந்தார்.